சாவிக்கொத்து யார் கையில்? ஃபயர்வாலில் டிஎச்சிபி, ஒரு செட்டிநாட்டு வீட்டை வைத்து

முகூர்த்தம் காலை 9 மணிக்கு மேல். எனக்கு ஃபோன் வந்தது ஏழே காலுக்கு. "தம்பி, வைஃபை எல்லாருக்கும் பிடிக்குது, நெட்டு மட்டும் வரமாட்டேங்குது. சிங்கப்பூர்லேருந்து வந்தவுக எல்லாம் கேக்குறாக" என்றார் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு பழைய வளவு வீடு அது. மற்ற நாட்களில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் விடுதி, முகூர்த்த நாட்களில் பங்காளிகள் வந்து இறங்கும் கல்யாண வீடு. அங்கே நெட்வொர்க் போட்டது நான் இல்லை. ஆனால் காரைக்குடியில் இந்த வேலை பார்க்கிறவன் என்றால், யார் போட்டுவிட்டுப் போனதற்கும் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

போனதும் முகப்பில் உட்கார்ந்திருந்த ஒருவரின் லேப்டாப்பை வாங்கிப் பார்த்தேன். ஐபி முகவரி இருக்கவேண்டிய இடத்தில் 169.254 என்று தொடங்கும் ஓர் எண். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிட்டது. நெட்வொர்க்கில் நுழைந்த கருவி முகவரி கேட்டு, கேட்டு, யாரும் கொடுக்காததால் தானே ஒன்றை வைத்துக்கொள்ளும் எண் வரிசை அது. 2005-ல் வந்த ஆர்எஃப்சி 3927, அதாவது இணைய நெறிமுறைகளை எழுதிவைக்கும் ஆவண வரிசையில் அந்த எண் கொண்டது, அதற்கான விதியைச் சொல்கிறது. அறை காட்ட ஆள் இல்லாததால் திண்ணையிலேயே படுத்துவிட்ட விருந்தாளி மாதிரி. வீட்டுக்குள் வந்தாயிற்று, ஆனால் பந்திக்குக் கூப்பிட யாருக்கும் தெரியாது. ஆண்ட்ராய்டு ஃபோன்கள் இந்தத் திண்ணைச் சமாளிப்பைக்கூடச் செய்வதில்லை. ‘ஐபி முகவரி பெறப்படுகிறது’ என்று கொஞ்ச நேரம் காட்டிவிட்டு விலகிவிடும்.

அடுத்து ஃபயர்வாலின், அதாவது வீட்டு நெட்வொர்க்குக்கும் இணையத்துக்கும் நடுவில் காவல் நிற்கும் பெட்டியின், பக்கத்தைத் திறந்து, எந்தக் கருவிக்கு எந்த முகவரி, எத்தனை நாளைக்கு என்று எழுதிவைத்திருக்கும் லீஸ் பட்டியலைப் பார்த்தேன். 192.168.1.100 முதல் 199 வரை நூறு முகவரிகள், நூறும் போய்விட்டன. ஒவ்வொன்றும் ஏழு நாள் கணக்கில். மூன்று நாளாகப் பந்தல் போட வந்தவர், பூக்காரர், முதல் நாள் வந்து இடம் பார்த்துவிட்டுப் போன கேமராக்காரர், சமையல் ஆட்கள் என்று எல்லார் ஃபோனும் அதில் இருந்தன. பலர் ஊர் போய்ச் சேர்ந்தே இரண்டு நாள் ஆகிவிட்டது. பேரேட்டில் மட்டும் அவர்கள் அறை இன்னும் அவர்கள் பெயரில்.

இந்தப் பேரேட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. டிஎச்சிபி, அதாவது கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி வழங்குவது, என்றால் ஃபயர்வாலில் ஒரு டிக் அடித்து, இங்கிருந்து இதுவரை என்று இரண்டு எண் போடுவது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். டிக் அடிப்பது ஒரு நிமிட வேலைதான். யார் கொடுப்பது, எவ்வளவு நாளைக்குக் கொடுப்பது, கொடுத்ததை எங்கே எழுதி வைப்பது என்பதைத் தீர்மானிப்பதுதான் நிஜ வேலை. நான் பார்த்த நெட்வொர்க் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றை யாரும் யோசிக்காததால் வந்தவை.

கொஞ்சம் பின்னால் போகலாம். கருவிக்குத் தானாக முகவரி சொல்லும் ஏற்பாடு புதிதல்ல. 1984-ல் ஆர்ஏஆர்பி, 1985-ல் பூட்பி. வட்டு இல்லாத கம்ப்யூட்டர்கள் ஆன் ஆனதும் ‘நான் யார்?’ என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக வந்தவை அவை. ஆனால் பூட்பியில், எந்தக் கருவிக்கு எந்த முகவரி என்று ஒருவர் முன்கூட்டியே பட்டியல் எழுதி வைக்கவேண்டும். முன்பின் தெரியாத கருவி வந்தால் கைவிரித்துவிடும். 1993 அக்டோபரில் டிஎச்சிபி வந்தது. இன்றும் நடைமுறையில் இருக்கும் வடிவம் 1997 மார்ச்சில் ரால்ஃப் ட்ராம்ஸ் எழுதிய ஆர்எஃப்சி 2131. டிஎச்சிபி சேர்த்த முக்கியமான விஷயம் லீஸ், அதாவது தவணை. முகவரி உனக்குச் சொந்தமில்லை, இத்தனை நேரத்துக்கு வைத்துக்கொள், வேண்டுமானால் தவணை முடியுமுன் வந்து புதுப்பித்துக்கொள். வட்டித் தொழிலில் நாலு தலைமுறை பார்த்த ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பேச்சுவார்த்தை நாலே வாக்கியம். புதிதாக வந்த ஃபோன் தன் முகவரி 0.0.0.0 என்று போட்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாததால் 255.255.255.255-க்கு, அதாவது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ‘இங்கே முகவரி கொடுப்பவர் யாராவது உண்டா?’ என்று கூவும். இது டிஸ்கவர். யுடிபி 67-ஆம் எண் கதவில் காது வைத்திருக்கும் ஃபயர்வால், ‘192.168.1.137 தரட்டுமா? வெளியே போகும் வாசல் இது, இணையதளப் பெயருக்கு எண் சொல்லும் டிஎன்எஸ் இது, தவணை இவ்வளவு’ என்று சொல்லும். அது ஆஃபர். ஃபோன் ‘சரி, அந்த 137-ஐயே கொடுங்கள்’ என்று கேட்பது ரிக்வெஸ்ட். ஃபயர்வால் ‘எழுதிக்கொண்டேன்’ என்று முடிப்பது அக். டி, ஓ, ஆர், ஏ என்று முதலெழுத்துகளைக் கோத்து ‘டோரா’ என்று படிக்கிற பையன்கள் மனப்பாடம் செய்வது இதைத்தான்.

இதில் கவனிக்கவேண்டியது மூன்றாவது வாக்கியம். ஆஃபர் தந்தவர் யார் என்று தெரிந்த பிறகும் ஃபோன் தன் ரிக்வெஸ்ட்டை ரகசியமாகச் சொல்வதில்லை, மறுபடி ஊருக்கே கேட்கிற மாதிரிதான் சொல்கிறது. ஏன்? ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ஆஃபர் தந்திருக்கலாம். ‘நான் இன்னாரிடம் வாங்கிக்கொள்கிறேன்’ என்பது மற்றவர்கள் காதிலும் விழுந்தால்தான் அவர்கள் எடுத்து வைத்த முகவரியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுக்க முடியும் என்பதை எழுதியவர்களே எதிர்பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்களாக, பேசிவைத்துக்கொண்டவர்களாக இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கை எங்கே உடைந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அப்புறம், இந்த வேலையை ஏன் ஃபயர்வாலிடம் கொடுக்கவேண்டும்? கொடுக்க வேறு ஆளும் உண்டு. ஃபைபர் இணைப்பு தந்த நிறுவனத்தின் பெட்டியே டிஎச்சிபி செய்யும். பெரிய அலுவலகங்களில் விண்டோஸ் சர்வர் செய்யும், ஃபயர்வால் நடுவில் நின்று கோரிக்கையை அங்கே அனுப்பிவிடும் ரிலே வேலையை மட்டும் பார்க்கும். நூற்றுக்கணக்கான கிளைகள் இருக்கிற இடத்துக்கு அதுதான் சரி. ஆனால் ஒரு விடுதி, ஒரு பள்ளிக்கூடம், ஒரு நகைக்கடை என்கிற அளவில், என் கணக்குப்படி ஃபயர்வால்தான் பொருத்தம். காரணம் எளிது. யாரை வெளியே விடலாம், யாரை விடக்கூடாது என்று விதி வைத்திருப்பது ஃபயர்வால். அந்த விதிகள் முகவரியை வைத்துத்தான் எழுதப்படுகின்றன. வாசலில் நிற்பவரும் அறை ஒதுக்குபவரும் ஒருவரே என்றால், ‘இவர் யார், எந்த அறையில் தங்கியிருக்கிறார்’ என்று இன்னொருவரைக் கேட்கவேண்டியதில்லை.

நகரத்தார் ஊர்களில் ‘புள்ளி’ என்று ஒரு கணக்கு உண்டு. கல்யாணம் ஆன ஒரு தம்பதி ஒரு புள்ளி. கோயில் வரியும் புள்ளிக் கணக்கில்தான். கல்யாணத்தின்போது கோயில் மாலை வந்து, கோயில் கணக்கில் பதிவானால்தான் புதுப் புள்ளி. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் அந்த ஏட்டில் இல்லாதவர் கணக்கில் இல்லை. லீஸ் பட்டியலும் கிட்டத்தட்ட அப்படித்தான். அது ஒரே இடத்தில், ஒரே கையெழுத்தில் இருக்கும்வரைதான் அதற்கு மரியாதை.

சரி, அமைப்புக்கு வருவோம். முதலில் போடவேண்டியது பூல், அதாவது கொடுப்பதற்கு என்று ஒதுக்கும் முகவரிகளின் தொகுப்பு, இல்லை; ஃபயர்வாலின் உள்பக்க முகவரி. அது நிலையானதாக இருக்கவேண்டும். சாவி கொடுப்பவரே தினம் ஒரு அறையில் படுத்தால் சாவியை எங்கே போய் வாங்குவது? கொடுக்கப்போகும் முகவரிகள் அந்த உள்பக்க முகவரியின் சப்நெட்டுக்குள்ளேயே, அதாவது அதே எண் வரிசைக்குள்ளேயே, இருக்கவேண்டும். ஃபயர்வால் 10.20.0.1 என்றால் பூலும் 10.20-ல்தான்.

இங்கேயே ஒரு பள்ளம் உண்டு. ஃபைபர் பெட்டிகளில் பலவும் உள்பக்கம் 192.168.1 வரிசையை வைத்துக்கொண்டு வரும். ஃபயர்வால்களிலும் பல அதே வரிசையில்தான் பிறக்கின்றன. ஃபைபர் பெட்டியின் பின்னால் ஃபயர்வாலைச் செருகினால், முன்வாசலிலும் பின்வாசலிலும் ஒரே எண். 192.168.1.1 என்று யாராவது கேட்டால் எந்தப் பக்கம் அனுப்புவது என்று ஃபயர்வாலுக்குத் தெரியாது. செட்டிநாட்டு வீடுகள் முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கும். இரண்டு தெருவுக்கும் ஒரே பெயர் வைத்தால் தபால்காரர் என்ன ஆவார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தனியார் பயன்பாட்டுக்கு என்று 1996-ல் ஆர்எஃப்சி 1918 ஒதுக்கிய வரிசைகள் மூன்று: 10-ல் தொடங்குவது முழுவதும், 172.16 முதல் 172.31 வரை, 192.168 முழுவதும். இவ்வளவு இடம் இருக்கும்போது எல்லாரும் 192.168.1-லேயே வந்து முட்டிக்கொள்வது சோம்பல் தவிர வேறில்லை. நான் எப்போதும் 10-ல் ஏதாவது ஒரு மூலையை எடுத்துக்கொள்வேன்.

பூலின் அளவை ஆட்களை எண்ணிப் போடக்கூடாது, கருவிகளை எண்ணிப் போடவேண்டும். கல்யாணத்துக்கு வருகிற ஆளுக்கு ஒரு ஃபோன் நிச்சயம். சிலருக்கு இரண்டு. பிள்ளைகள் கையில் டேப்லெட், மாப்பிள்ளைத் தோழர்கள் கையில் வாட்ச். அந்த வீட்டுக்கு விருந்தினர் வைஃபைக்கு மட்டும் 10.20.0.0/22 என்று எடுத்தேன். 1024 எண்கள், தலையும் வாலும் போக 1022. முதல் ஐம்பதையும் கடைசியில் கொஞ்சத்தையும் விட்டுவிட்டு 10.20.0.50 முதல் 10.20.3.250 வரை பூல். விட்ட இடம் வாசலுக்கும், எப்போதும் ஒரே இடத்தில் இருக்கவேண்டியவற்றுக்கும்.

அடுத்தது தவணை. இதில்தான் அந்தக் கல்யாணக் காலை கவிழ்ந்தது. ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு வழக்கத்தோடு வருகிறது. ஃபோர்டிகேட்டில் எதுவும் மாற்றாவிட்டால் 604800 நொடி, அதாவது ஏழு நாள். பிஎஃப்சென்ஸில் 7200 நொடி, இரண்டே மணி நேரம். விண்டோஸ் சர்வரில் எட்டு நாள். இவற்றில் சரி, தவறு என்று ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் தினம் அதே முப்பது பேர் வந்து உட்கார்ந்தால் எட்டு நாள் சௌகரியம். வந்து போகிற இடத்துக்கு அது கேடு.

ஃபோன்கள் போகும்போது சொல்லிக்கொண்டு போவதில்லை என்பதை மறக்கக்கூடாது. ‘முகவரியைத் திருப்பித் தருகிறேன்’ என்று சொல்ல ரிலீஸ் என்றொரு வாக்கியம் நெறிமுறையில் இருக்கிறது. ஆனால் வைஃபை எல்லையைத் தாண்டி காரில் ஏறிவிட்ட ஃபோன் அதை எங்கிருந்து சொல்லும்? ஆகவே காலியாக இருக்கும் அறையைக் காலி என்று அறிய ஃபயர்வாலுக்கு இருக்கும் ஒரே வழி, தவணை முடிவது. இருக்கிறவர் தவணையில் பாதி கடந்ததும் புதுப்பிக்க வருவார். அப்போது பதில் கிடைக்காவிட்டால் எட்டில் ஏழு பங்கு கடந்ததும், கொடுத்தவரை மட்டும் தேடாமல் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கூவுவார். ஏழு நாள் தவணை என்றால் மூன்றரை நாளிலும், பிறகு ஆறு நாள் மூன்று மணி நேரத்திலும். இரண்டு மணி நேரத் தவணை என்றால் ஒரு மணியிலும், பிறகு ஒன்றே முக்கால் மணியிலும். விருந்தினர் வைஃபைக்கு நான் இரண்டு மணி நேரம் வைத்தேன். ‘இத்தனை அடிக்கடி புதுப்பித்தால் பெட்டி திணறாதா?’ என்று கேட்பார்கள். ஐநூறு ஃபோன்கள் மணிக்கொருமுறை கேட்டால், ஏழு நொடிக்கு ஒரு கேள்வி. அதற்கெல்லாம் எந்தப் பெட்டியும் மூச்சு வாங்காது.

அன்றைக்குக் காலையில் இதையெல்லாம் செய்ய நேரமில்லை. ஊர் போனவர்களின் பழைய லீஸ்களைக் கையால் அழித்தேன், பூலை 192.168.1.20-லிருந்து தொடங்கவைத்தேன். தாலி கட்டும் நேரத்துக்குச் சிங்கப்பூர்க்காரர்கள் வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டுவிட்டு வந்தேன். முழு வேலையை அடுத்த மாதம் செய்தோம்.

அப்போது வீட்டை நாலாகப் பிரித்தோம். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று அந்த வீடுகளே யார் எதுவரை வரலாம் என்று கட்டிவைக்கப்பட்டவை. கணக்குப் பேச வந்தவர் முகப்போடு சரி, உறவுக்காரர் வளவுக்குள், அதற்கு மேல் வீட்டுப் பெண்கள். நெட்வொர்க்கில் இதற்குப் பெயர் வீலேன். ஒரே கம்பி, கம்பிகளை இணைக்கும் ஒரே நெட்வொர்க் ஸ்விட்ச், ஆனால் அதில் போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் நெற்றியிலும் ஓர் எண் ஒட்டி, இது விருந்தினர், இது அலுவலகம், இது கேமரா, இது அடுப்படியும் பில் மேசையும் என்று பிரிப்பது. டிஎச்சிபிக்கு இதனால் என்ன? முகவரி கேட்டுக் கூவும் அந்த முதல் குரல் தன் வீலேனைத் தாண்டாது. அதனால் ஒவ்வொரு கட்டுக்கும் ஃபயர்வாலில் ஒரு உள்பக்க முகவரி, ஒரு பூல், ஒரு தவணை என்று தனித்தனியாக வைக்கவேண்டும். விருந்தினருக்கு இரண்டு மணி, அலுவலகத்துக்கு ஒரு நாள், கேமராக்களுக்கு ஏழு நாள். புதிதாக ஒரு வீலேன் போட்டுவிட்டு அதற்கு டிஎச்சிபியை ஆன் செய்ய மறப்பது எல்லாருக்கும் நடக்கும். எனக்கும் நடந்திருக்கிறது. மறுபடி அதே 169.254.

இன்னொரு தவறு இதைவிட நுணுக்கமானது. முகவரி கிடைத்துவிடும், வாசலும் தெரியும், ஆனாலும் ஒரு பக்கமும் திறக்காது. விருந்தினரை உள்ளே எதையும் தொடவிடாதே என்று விதி எழுதும்போது, ஃபயர்வாலையே தொடவிடாதே என்றும் எழுதிவிடுவார்கள். ஆனால் டிஎச்சிபியில் டிஎன்எஸ் முகவரியாகக் கொடுத்தது அதே ஃபயர்வாலைத்தான். பெயர் கேட்கப் போன ஃபோனை வாசலிலேயே மறித்தால் அது யாரிடம் வழி கேட்கும்? 53-ஆம் எண் கதவை மட்டும் விருந்தினருக்குத் திறந்துவைக்கவேண்டும். 67-ஐப் பல பெட்டிகள், டிஎச்சிபியை ஆன் செய்ததும் தாமே திறந்துகொள்ளும். பிஎஃப்சென்ஸ் கண்ணுக்குத் தெரியாத விதியாகவே அதைச் சேர்த்துவிடும். லினக்ஸில் கையால் கட்டிய ஃபயர்வால் என்றால் நீங்கள்தான் எழுதவேண்டியிருக்கும்.

இனி அடுப்படி. அங்கே ஒரு சின்ன ரசீது பிரிண்டர் உண்டு. முகப்பில் ஆர்டர் எடுத்ததும், ‘கவுனி அரிசி 2, பால் பணியாரம் 4’ என்று அடுப்படியில் துண்டுச் சீட்டு வந்து விழவேண்டும். மின்வெட்டு வந்து போன ஒரு மத்தியானம் சீட்டு வரவில்லை. ஆர்டர் எடுத்த பையன் அனுப்பிவிட்டேன் என்கிறான், சமையல் ஆச்சி ஒன்றும் வரவில்லை என்கிறார். வெளிநாட்டு விருந்தினர் ஆறு பேர் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடந்தது இதுதான்: மின்சாரம் திரும்பியபோது பிரிண்டர் வேறு முகவரி வாங்கிக்கொண்டது, பில் மென்பொருள் பழைய முகவரிக்கே சீட்டை அனுப்பிக்கொண்டிருந்தது. சில மலிவான பெட்டிகள் லீஸ் பட்டியலை நினைவில் மட்டும் வைத்திருக்கும். கரண்டு போனால் பேரேடே போய்விடும். பழைய ஆட்களுக்குப் பழைய அறையையே தர அவற்றுக்குத் தெரியாது.

இதற்கு மருந்து ரிசர்வேஷன். பிரிண்டரின் மேக் முகவரியை, அதாவது தொழிற்சாலையிலேயே பொறித்து வரும் 48 பிட் அடையாளத்தை, ஃபயர்வாலில் எழுதி, ‘இவர் எப்போது வந்தாலும் 10.20.40.15’ என்று நிரந்தரமாக ஒதுக்கிவைப்பது. வளவில் பெரிய மகனுக்கு என்று ஒதுக்கிய அறை அவர் வராவிட்டாலும் அவருடையதுதான் அல்லவா, அந்த மாதிரி. ‘பிரிண்டரிலேயே நேரடியாக எண்ணைப் போட்டுவிட்டால் என்ன?’ என்று பல டெக்னீஷியன்கள் கேட்பார்கள். போடலாம், வேலை செய்யும். ஆனால் எந்தக் கருவியில் என்ன எண் என்பது அந்தந்தக் கருவியின் வயிற்றுக்குள்ளே போய்விடும். இரண்டு வருஷம் கழித்து சப்நெட்டை மாற்றவேண்டி வந்தால், ஏணி போட்டு ஒவ்வொரு கேமராவாக ஏறவேண்டும். ரிசர்வேஷன் என்றால் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். ஃபயர்வாலுக்கும் ஸ்விட்ச்களுக்கும் மட்டும் கையால் எண் போடுவேன், மற்றதெல்லாம் ரிசர்வேஷன்தான். ஒதுக்கும் எண் பூலுக்குள் இருக்கலாமா, வெளியேதான் இருக்கவேண்டுமா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். அதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பு சொன்ன நம்பிக்கை உடைந்த கதை இப்போது. அதே வீட்டில், எல்லாம் ஒழுங்காகி ஆறு மாதம் கழித்து, இரண்டாம் கட்டு அறைகளில் மட்டும் நெட் விட்டு விட்டு வேலை செய்தது. ஒரு ஃபோனில் 10.20 முகவரி, பக்கத்திலிருந்த ஃபோனில் 192.168.0. அந்த வரிசையை நான் எங்கேயும் போடவில்லை. அப்படியென்றால் வீட்டுக்குள் இன்னொருவர் சாவி கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு மணி நேரம் தேடி, பர்மா தேக்கு அலமாரியின் பின்னால் கண்டுபிடித்தோம். அந்தச் சுவர்களின் தடிமனில் சிக்னல் போகவில்லை என்று ஒயரிங் பார்க்க வந்தவர், வீட்டில் சும்மா கிடந்த ரூட்டர் ஒன்றைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் அதன் டிஎச்சிபியை அணைக்கவில்லை. ஃபோன் கூவும்போது எந்த ஆஃபர் முதலில் வருகிறதோ அதைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். அலமாரிக்குப் பின்னால் இருந்த ரூட்டர் பக்கத்தில் இருந்ததால் பல தடவை அதுவே முந்திக்கொண்டது. அதற்கு வெளியே போக வழி கிடையாது, ஆனாலும் ‘நானே வாசல்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இது வெறும் தொந்தரவு மட்டும் இல்லை. முகவரி கொடுப்பவர் ‘வாசல் இது, பெயர் சொல்பவர் இவர்’ என்றும் சொல்கிறார் அல்லவா? கெட்ட எண்ணத்தோடு ஒருவர் அந்த இடத்தில் உட்கார்ந்தால் எல்லாப் போக்குவரத்தும் அவர் வழியாகப் போகும். 2024 மே மாதம் வெளியான டனல்விஷன் என்ற தாக்குதல் இதைத்தான் பயன்படுத்தியது. டிஎச்சிபியின் 121-ஆம் ஆப்ஷன் வழியாகப் பாதைகளைச் சொல்லிக்கொடுத்து, விபிஎன் என்ற மறைவான சுரங்கப்பாதை போட்டிருப்பவரின் பொட்டலங்களையும் சுரங்கத்துக்கு வெளியே திருப்பிவிடலாம் என்று காட்டினார்கள். ஆண்ட்ராய்டு அந்த ஆப்ஷனையே கவனிப்பதில்லை என்பதால் அது தப்பித்தது. இதற்கெல்லாம் காவல் ஃபயர்வாலில் இல்லை, ஸ்விட்ச்சில் இருக்கிறது. டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்று பெயர். ஃபயர்வால் செருகிய துளையிலிருந்து மட்டும் ஆஃபர் வரலாம், வேறு எந்தத் துளையிலிருந்து வந்தாலும் தூக்கிப் போடு என்று ஸ்விட்ச்சிடம் சொல்லிவைப்பது. இதற்கு நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச் வேண்டும், கொஞ்சம் காசு கூட. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் வீட்டில் அந்தக் காசு வீண் இல்லை என்று அண்ணனிடம் சொன்னேன். அலமாரியை நகர்த்தின களைப்பில் அவரும் மறுக்கவில்லை.

பேரேட்டுக்குத் திரும்புவோம். லீஸ் பட்டியல் இப்போது யாருக்கு என்ன என்று சொல்லும். பழைய பதிவுகள், அன்றைக்கு யாரிடம் என்ன இருந்தது என்று சொல்லும். 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவேண்டும் என்கிறது. கடிகாரங்களைச் சரியான நேரத்தோடு ஒத்துவைக்கவேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. இரண்டு மணி நேரத் தவணையில் ஒரே முகவரி ஒரு நாளில் நாலு பேர் கைமாறியிருக்கலாம். ஃபயர்வாலின் கடிகாரம் அரை மணி பிந்தினால் பழி பூக்காரர் மேல் விழும். பதிவுகளைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தால் கொஞ்ச நாளில் பழையதை அழித்துவிடும். வெளியே பதிவுகளைச் சேர்த்துவைக்கும் ஒரு சின்ன சிஸ்லாக் சர்வருக்கு அனுப்பிவிடுவது நல்லது.

ஆனால் இந்த ஏட்டில் இப்போதெல்லாம் பாதிப் பெயர்கள் புனைபெயர்கள். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10-ம், 2020-ல் வந்த ஐஓஎஸ் 14-ம் முதல், ஃபோன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியைச் சொல்வதில்லை. ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய்ப் பெயரைத் தாமே உருவாக்கிச் சொல்கின்றன. மேக் முகவரியின் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது அப்படிப்பட்ட பெயர்தான் என்று ஊகிக்கலாம். தனிமனிதருக்கு இது நல்லது, கடைக்குக் கடை அவரைப் பின்தொடர முடியாது. முதலாளியின் ஃபோனுக்கு ரிசர்வேஷன் போட்டு அதற்கு மட்டும் எல்லாக் கதவையும் திறந்துவைத்த டெக்னீஷியனுக்கு நல்லது இல்லை. ஃபோன்களுக்கு ரிசர்வேஷன் போடுவதை நான் விட்டுவிட்டேன். நம்பகமான ஃபோன்களுக்கு வேறு வைஃபை பெயர், வேறு கடவுச்சொல், வேறு வீலேன்.

பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றின் அடியில் பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்த ஐஎஸ்சி டிஎச்சிபி மென்பொருளை அதன் தாய் நிறுவனம் 2022 கடைசியில் நிறுத்திவிட்டது. அதே நிறுவனத்தின் கீயா அதற்கு மாற்றாக வந்திருக்கிறது. மாறும்போது ரிசர்வேஷன் பட்டியலை ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

மாற்றம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 192.168.1-லிருந்து 10.20-க்குப் போனபோது நான் முதலில் தொட்டது பூலை இல்லை, தவணையை. பழைய ஏழு நாள் தவணையில் முகவரி வாங்கிய கருவி அதிகபட்சம் மூன்றரை நாள்வரை ஃபயர்வாலிடம் பேச்சே கொடுக்காது. வீடு இடம் மாறிவிட்டது என்று அதற்கு யாரும் போய்ச் சொல்லவும் முடியாது. அதனால் மாற்றும் தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே தவணையை ஒரு மணி நேரமாக்கிவிடவேண்டும். அந்த வாரத்துக்குள் எல்லாரும் வந்து புதுப்பித்துப் புதிய சின்னத் தவணைக்கு மாறியிருப்பார்கள். பிறகு எண்ணை மாற்றினால், தானாகத் திரும்பாமல் அடம் பிடிக்கும் கருவிகூட ஒரு மணி நேரத்தில் வழிக்கு வந்துவிடும். நாங்கள் ஆடி முதல் வாரத்தில் தவணையைக் குறைத்து, இரண்டாம் வாரத்தில் எண்ணை மாற்றினோம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. வீட்டில் அண்ணன், ஆச்சி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் துடைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர், ஒன்பது கேமரா, ஒரு பிரிண்டர், அவ்வளவுதான். பிரிண்டரில் சோதனைச் சீட்டு ஒன்று அடித்துப் பார்த்தோம். ஆச்சி அதைக் கிழித்து எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டு, "ஆறு பணியாரம்னு போட்டிருக்கு, யாருக்குத் தம்பி?" என்றார்.